ஐந்து ஸ்டேஷன் தள்ளி ஒரு கிரிக்கெட் டீம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன மாதம் சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "விளையாட்டிலிருந்து நிர்வாகத்துக்கு, இதுதான் தலைப்பு. கோல்ஃப் பத்திச் சொல்லுங்க. பெரிய பெரிய கம்பெனி எம்.டி. எல்லாம் காலேஜ்ல கோல்ஃப் ஆடி வந்தவங்கதானே?" என்றார். நான் மறைமலை நகரில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கோல்ஃபுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், ஒரு முறை எங்கள் பெரிய அதிகாரியின் கோல்ஃப் பையைக் காரிலிருந்து இறக்கி வைத்ததோடு சரி. நல்ல கனம் சார் அது. நம் ஹாஸ்டலில் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்து கிரிக்கெட். பந்து பக்கத்துக் காம்பவுண்டுக்குள் போனால் அவுட், எடுத்து வருவதும் அடித்தவன் பொறுப்பு.

ஆனாலும் தலைப்பைக் கொடுத்துவிட்டார்களே என்று தேடிப் பார்த்தேன். செயலாளர் சொன்ன மாதிரியே அமெரிக்காவில் ஒருவர் இருந்திருக்கிறார். மார்க் மெக்கார்மக் என்று பெயர். சிறு வயதில் கார் மோதி மண்டையோட்டில் அடிபட்டவர். முட்டி மோதி ஆடும் விளையாட்டெல்லாம் கூடாது என்று ஆனதால் கோல்ஃபுக்கு வந்தார். வில்லியம் அண்ட் மேரி கல்லூரி டீமின் நட்சத்திரம். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வக்கீலானார். 1958-ல் அமெரிக்க ஓபன் போட்டியில் ஆடக்கூடத் தகுதி பெற்றார். அங்கேதான் அவருக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும். கல்லூரி நாட்களில் எதிர் டீமில் பார்த்த ஆர்னால்ட் பால்மர் அளவுக்குத் தன்னால் ஆட முடியாது. ஆனால் பால்மரின் ஆட்டத்தை விற்கத் தன்னால் முடியும். 1960 வாக்கில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கைகுலுக்கலில் பிறந்ததுதான் ஐ.எம்.ஜி. என்ற கம்பெனி. இன்று டி.வி.யில் எந்த விளையாட்டைப் போட்டாலும் சட்டை நிறைய விளம்பரம் தெரிகிறதே, அந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவர் முக்கியமானவர். நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓபன் டென்னிஸ் இருக்கிறதே, அதிலும் அந்தக் கம்பெனியின் கை இருந்தது. 2003-ல் மெக்கார்மக் காலமானார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. இதையே அரை மணி நேரம் நீட்டிச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஏதோ இடித்தது. வில்லியம் அண்ட் மேரி எங்கே இருக்கிறது, பொத்தேரி எங்கே இருக்கிறது? நாம் படித்த காலத்தில் இங்கே ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், அடுத்தது தாம்பரம். ஐந்தே ஸ்டேஷன். அந்தத் தாம்பரத்தில் கல்லூரி டீமில் விளையாடி, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் தலைமைக்குப் போன ஒருவர் இருக்கும்போது எனக்கு எதற்கு மெக்கார்மக்? விளையாட்டு மட்டும் கோல்ஃப் இல்லை, கிரிக்கெட். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

இந்திரா நூயியைத்தான் சொல்கிறேன். "அட, அவங்களா, தெரிஞ்ச கதைதானே" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் தெரிந்த கதைதான், வாட்ஸ்அப்பில் பத்து முறை வந்த கதை. நான் சொல்லப்போவது, தெரிந்த கதையை நான் இத்தனை நாள் எப்படித் தப்பாகப் படித்திருக்கிறேன் என்பதை.

1955 அக்டோபர் 28-ல் சென்னையில் பிறந்தார் இந்திரா கிருஷ்ணமூர்த்தி. தி.நகரில் வீடு. ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படிப்பு. அப்பாவுக்கு வங்கி வேலை. தாத்தா ஓய்வுபெற்ற நீதிபதி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அம்மா சாந்தா பெண்கள் இருவருக்கும் ஒரு போட்டி வைப்பாராம். இன்றைக்கு நீ பிரதம மந்திரி, நீ முதலமைச்சர், பேசு பார்க்கலாம் என்று. பேசி முடித்ததும் அம்மா யாருக்கு ஓட்டு என்று முடிவு சொல்வார். அதே அம்மாதான் பதினெட்டு வயதானால் கல்யாணம் என்பதிலும் உறுதியாக இருந்தவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததை நாம் ஆச்சரியமாகப் பார்க்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் பார்க்காததா? "நல்லா படி, கலெக்டர் ஆகணும்" என்று ஒரு கையும், ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஒரு கையும்.

பிறகு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி. 1937-ல் நகரத்துக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு வந்த கல்லூரி. இன்றைக்கும் ரயிலிலிருந்து எட்டிப் பார்த்தால் கட்டடத்துக்கு முன்னால் மரங்கள்தான் கண்ணில் படும். 1970-களின் தொடக்கத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடியது மீட்டர் கேஜ் மின்சார ரயில். அந்தக் கல்லூரியில் அப்போது பையன்கள் கூட்டம் பெருங்கூட்டம், பெண்கள் கொஞ்சம் பேர். வேதியியல் படிக்கப் போன இந்தப் பெண் பெண்கள் கிரிக்கெட் டீமில் சேர்ந்து ஆடினார். கிடாரும் வாசித்தார்.

இதில் கிரிக்கெட்டைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் தொடங்கியதே 1973-ல். இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடியது 1976-ல், பெங்களூரில், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. ஆக, தாம்பரத்தில் இந்தப் பெண்கள் மட்டை பிடித்தபோது, "நாளைக்கு இந்தியாவுக்கு ஆடலாம்" என்று கனவு காண ஓர் இந்திய டீம் உருப்படியாக அமையவில்லை. பரிசு கிடையாது, ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடையாது, பேப்பரில் போட்டோ வராது. ஆசைக்கு ஆடினார்கள், அவ்வளவுதான். 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து நாமெல்லாம் விசில் அடித்தோமே, அதற்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது.

இங்கே வழக்கமாக மேடைப் பேச்சாளர் என்ன சொல்வார்? "விளையாட்டு மைதானம்தான் தலைமைப் பண்பை ஊட்டியது, டீம் ஸ்பிரிட் வந்தது, தோல்வியைத் தாங்கும் மனம் வந்தது" என்பார். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு ராத்திரி என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவரும் நம் கல்லூரிதான், என் வகுப்புதான். இரண்டு வருஷம் த்ரோபால் டீமுக்குக் கேப்டன். இதோ, மூன்றாவது வரிசையில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (வகுப்புத் தோழி என்பதால் வீட்டில் எனக்கு "நீ"தான். என் அம்மா எதிரில் மட்டும் "நீங்க".)

கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார். "டீம்ல பதினோரு பேர் இருந்திருப்பாங்கல்ல? மத்த பத்துப் பேர் எங்க?"

என்னிடம் பதில் இல்லை. மைதானம்தான் தலைவரை உண்டாக்குகிறது என்றால் அதே மைதானத்தில் நின்ற எல்லோரையும் அல்லவா உண்டாக்கியிருக்க வேண்டும்? அப்புறம்தான் இந்த மலருக்காக நான் திரட்டிய எங்கள் வகுப்பு முகவரிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் பத்தொன்பது பேர். லேபில் எங்களுக்கெல்லாம் ரீடிங் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுக்கவில்லை என்றால் நான் இன்னும் மூன்றாவது செமஸ்டரில் இருப்பேன். அந்தப் பத்தொன்பது பேரில் அலுவலக முகவரி என்று எழுதியிருந்தவர்கள் ஏழு பேர். மற்றவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. ஒருவர் மட்டும் கோட்டுக்குப் பதிலாக "முன்பு: சீனியர் டிசைன் என்ஜினியர்" என்று எழுதியிருந்தார். அந்த "முன்பு" என்ற வார்த்தையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்கள் பட்டியலில் ஒரு கோடும் இல்லை. அரியர் வைத்தவனுக்கும் ஆபீஸ் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நூயியின் கதையை மறுபடி படித்தேன். 2021-ல் அவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். இந்த முறை அவர் என்ன செய்தார் என்று படிக்கவில்லை. அவரை ஆட்டத்திலிருந்து யாரும் ஏன் வெளியே கூப்பிடவில்லை, கூப்பிட்டபோது யார் தடுத்தார்கள் என்று படித்தேன். கதை வேறாகத் தெரிந்தது.

முதலில் தாத்தா. மூத்தவர் சந்திரிகாவும் கிறிஸ்தவக் கல்லூரிதான். அவருக்கு ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்தது. கல்யாணம் ஆகாத பெண் தனியாக ஆமதாபாத் போவதா என்று அம்மா ஒரே பிடியாக நின்று உண்ணாவிரதம் இருக்கக் கிளம்பிவிட்டார். வீடே கதிகலங்கியது. தாத்தா போகட்டும் என்று நின்றார். அக்கா போனார். அக்கா போட்ட பாதையில் தங்கை கல்கத்தா ஐ.ஐ.எம். போனபோது வீட்டில் அவ்வளவு புயல் இல்லை. அந்த அக்காதான் பிற்காலத்தில் மெக்கின்ஸி நிறுவனத்தில் பார்ட்னரானார், சந்திரிகா டாண்டன். 2025-ல் இசைக்காகக் கிராமி விருது வாங்கினாரே, அவரேதான். ஒரு பெரியவர் ஒரு நாள் எடுத்த முடிவில் இரண்டு பெண்களுக்கு வழி திறந்தது. அந்தத் தாத்தா அன்றைக்கு "எனக்கெதுக்கு வம்பு, அது பெத்தவங்க பாடு" என்று ஈஸி சேரில் சாய்ந்திருந்தால்? நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கெட்டவர்கள் இல்லை. ஈஸி சேரில் சாய்ந்தவர்கள்.

அடுத்த பத்தாண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது எல்லோருக்கும் தெரியும். 1976-ல் கல்கத்தாவில் படிப்பு முடிந்தது. சென்னையில் மேட்டூர் பியர்ட்ஸெல் என்ற ஜவுளி நிறுவனம். பிறகு பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சன். அங்கே அவர் கையில் கொடுத்த பொருள் ஸ்டேஃப்ரீ நாப்கின். கடையில் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் பொருளை, பெயர் சொல்லி விளம்பரம் செய்ய முடியாத காலத்தில் விற்க வேண்டும். பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் போய்ப் பெண்களிடம் நேரில் பேசி விற்றார்கள். இன்று மார்க்கெட்டிங் படிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1978-ல் உதவித்தொகையோடு யேல். செலவுக்கு ராத்திரி முழுக்க விடுதியில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. ஐம்பது டாலருக்கு அளவு சேராத கோட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போய்க் கூனிக் குறுகி வந்ததும், அடுத்த இன்டர்வியூவுக்குப் புடவை கட்டிப் போனதும் பாட்டிக் கதை மாதிரி எல்லோருக்கும் தெரியும்.

நான் நிற்க விரும்பும் இடம் 1980-களின் தொடக்கம். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் வேலை. ராஜ் நூயி என்ற என்ஜினியரோடு கல்யாணம். அப்போது அப்பாவுக்குப் புற்றுநோய். இந்த இடத்தில்தான் சார், நம் ஊர்ப் பெண்களின் கதையில் "முன்பு" என்ற வார்த்தை வந்து விழும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மாமியாருக்கு ஆபரேஷன், குழந்தைக்கு ஜுரம், யாராவது ஒருவர் வீட்டில் இருந்துதானே ஆக வேண்டும்? அந்த யாராவது யார் என்று நாம் பேசி முடிவெடுத்ததே இல்லை. அது முன்னாலேயே முடிவான விஷயம். நூயிக்கு நடந்தது வேறு. கம்பெனி அவருக்கு ஆறு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. போய் அப்பாவைக் கவனித்துக்கொள் என்றது. அப்பா 1983-ல் காலமானார். அவர் வேலைக்குத் திரும்பினார். அந்த விடுப்பு மட்டும் இல்லையென்றால் வேலையை விட்டிருக்க வேண்டியிருக்கும் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆறு மாதச் சம்பளம் ஒரு கம்பெனிக்கு எவ்வளவு? எங்கள் தொழிற்சாலையில் ஒரு டை உடைந்தால் ஆகும் செலவுக்குக்கூட வராது.

அப்புறம் குழந்தைகள். இரண்டு பெண்கள். அம்மா சாந்தா அமெரிக்கா போய் இருந்தார். ராஜ் வீட்டுச் சொந்தக்காரர்களும் முறை வைத்துக்கொண்டு வந்து தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பெப்சிகோ ஆபீஸில் ரிசப்ஷனிஸ்ட்டே ஒரு காவல்காரர். சின்ன மகள் போன் செய்து "அம்மாகிட்ட கேட்கணும், வீடியோ கேம் ஆடலாமா?" என்பாள். அம்மா மீட்டிங்கில் இருப்பார். அந்தப் பெண்மணி, "ஹோம்வொர்க் முடிச்சியா? சாப்பிட்டியா? சரி, அரை மணி நேரம்" என்று அனுமதி கொடுப்பார். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு குழந்தைக்கு அரை மணி நேரம் வீடியோ கேம் கொடுக்க ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் ரிசப்ஷனும் வேலை செய்திருக்கிறது! நம் வீட்டில் அதே வேலையை ஒரே ஆள் செய்கிறார், அதற்கு நாம் "சும்மா வீட்லதான் இருக்கா" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நடுவில் மோட்டோரோலா, ஏ.பி.பி. என்று சில வருஷம். 1994-ல் பெப்சிகோ. அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக்கும் அவரைக் கூப்பிட்டது. பெப்சிகோ தலைவர் வேய்ன் காலோவே அதிகம் பேசாத மனிதர். அவரே போன் செய்து, ஜெனரல் எலெக்ட்ரிக் நல்ல கம்பெனிதான், ஆனால் உங்களைப் போல ஒருவர் எனக்குத்தான் அதிகம் தேவை என்ற அர்த்தத்தில் சொன்னாராம். அதில் விழுந்துவிட்டார். பீட்சா ஹட், கே.எஃப்.சி. கடைகளைத் தனியாகப் பிரித்துவிட்டது 1997-ல். டிராபிகானா வந்தது 1998-ல், குவேக்கர் ஓட்ஸ் 2001-ல். 2006 அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி. 2018 அக்டோபர் வரை பன்னிரண்டு வருஷம். அவர் வந்தபோது 3,500 கோடி டாலர் அளவில் இருந்த ஆண்டு விற்பனை 2017-ல் 6,300 கோடியைத் தாண்டியது.

அவரைத் தெய்வமாக்கி ஆரத்தி எடுக்க நான் வரவில்லை. நாம் படித்த காலத்தில் இதே ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி மாமண்டூரில் பெப்சி ஆலை இருந்தது. பாலாற்றுக் கரை. பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். கிராமத்துக் கிணறு வற்றும்போது பக்கத்தில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி விற்பதைப் பற்றி ஜனங்களுக்குக் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று நம் வணிகர் சங்கங்கள் அறிவித்ததும் நினைவிருக்கும். அப்போது தலைமையில் இருந்தவர் இதே தி.நகர்ப் பெண்தான். சர்க்கரையைக் குறைக்க வேண்டும், தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அவர் கம்பெனிக்குள் வாதாடியதும் உண்மை. அதற்காகப் பங்கு முதலீட்டாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்மை. சோடாவை விற்றே அந்தக் கம்பெனி பெரிதாக வளர்ந்தது என்பதும் உண்மை. மூன்றையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பால் கதை. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

அவர் பெப்சிகோவின் தலைவராகப் போகிறார், இயக்குநர் குழுவிலும் இடம் என்று ஒரு ராத்திரி ஆபீஸில் சொல்கிறார்கள். பத்து மணி வாக்கில் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறார். மாடிப்படியில் அம்மா நிற்கிறார். "அம்மா, ஒரு நல்ல சேதி." "சேதி இருக்கட்டும். பால் இல்லை. போய் வாங்கிட்டு வா." காரேஜைப் பார்த்தால் கணவர் கார் நிற்கிறது. "அவர் எப்ப வந்தார்?" "எட்டு மணிக்கு." "அவரை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கலாமே?" "அவர் களைச்சுப் போய் வந்திருக்கார்." போய் வாங்கி வந்து மேசையில் டொக் என்று வைக்கிறார். அப்போது அம்மா சொன்னதன் சாரம்: வெளியே நீ என்னவாக வேண்டுமானாலும் இரு, இந்த வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், தாய். அந்தக் கிரீடத்தைக் காரேஜிலேயே வைத்துவிட்டு வா.

இந்தக் கதையை நான் எத்தனை பேருக்கு ஃபார்வர்டு செய்திருப்பேன் தெரியுமா? "எவ்வளவு உயர்ந்தாலும் பணிவு வேண்டும்" என்று கீழே ஒரு வரியும், கூப்பிய கையும் போட்டு. எங்கள் ஆபீஸ் மகளிர் தின விழாவில் மைக் பிடித்தும் சொன்னேன். கைதட்டல் வாங்கினேன்.

அன்றைக்கு ராத்திரி என் மனைவி கேட்ட இரண்டாவது கேள்வி இதைப் பற்றித்தான். "இந்தக் கதையில நீ யாருன்னு நினைச்சுப் படிச்ச?"

நான் யோசித்துப் பார்த்தேன். நான் நூயி இல்லை. அந்த அம்மாவும் இல்லை. நான் எட்டு மணிக்கு வந்து களைப்பாகப் படுத்திருக்கும் அந்த மனிதர். கதை முழுக்க அவர் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? அவருக்கு வசனமே கிடையாது. தூங்குவதுதான் அவர் வேலை. அவரைக் குறை சொல்லவில்லை. மனைவியின் வேலைக்காக ஊர் விட்டு ஊர் மாறி, பெண்களை வளர்த்ததில் சரிபாதி நின்றவர் என்று நூயியே எழுதியிருக்கிறார். அன்றைக்கு நிஜமாகவே களைத்திருப்பார். நான் சொல்வது என்னை. அவர் செய்த மற்றது எதையும் நான் செய்யவில்லை, தூக்கம் ஒன்றில் மட்டும் அவருக்குச் சமம்.

2019-ல் எங்களுக்குப் பையன் பிறந்தபோது என் மனைவி வேலையை விட்டார். அவர் என்னைவிட மார்க் அதிகம், முதலில் வேலை கிடைத்தவர், சம்பளமும் என்னைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூட. நான் விடச் சொல்லவில்லை. இதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், "நான் ஒண்ணும் சொல்லலப்பா, அவளாத்தான் விட்டா" என்று. உண்மைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் அவர் தினமும் ராத்திரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் நான் விடுப்பு எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்திருக்கலாம். ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கலாம். ஈஸி சேரில் சாய்ந்த தாத்தாக்களைப் பற்றிச் சற்று முன் ஏளனமாகப் பேசினேன் அல்லவா? எங்கள் வீட்டில் ஈஸி சேர் கிடையாது, ஆனால் உட்கார்ந்திருந்தது நான்தான்.

இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேசு. ஆனா என்னைப் பாவமா காட்டிப் பேசாத" என்றார். ஆகவே ஒரு சேதி. ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு, ஏழு இன்டர்வியூ கொடுத்து, அதில் நாலு இடத்தில் "இந்த ஆறு வருஷம் என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லி, அடுத்த மாதம் முதல் தேதி அவர் வேலைக்குச் சேருகிறார். சிறுசேரி. (கைதட்டல்) பரவாயில்லை, எனக்கு விழுந்ததைவிட அதிகமாகவே விழுகிறது.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். பையனை எழுப்பி, குளிப்பாட்டி, டிபன் கட்டி, வேன் ஏற்றுவது என் முறை. முதல் நாள் தண்ணீர் பாட்டிலை மறந்தேன். இரண்டாம் நாள் பையனுடைய ஷூவில் இரண்டும் இடது கால். மூன்றாம் நாள் ஆவின் பால் வாங்க மறந்து, பக்கத்து வீட்டில் கடன் வாங்கினேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஊர்ல இல்லையா அவங்க?" என்று கேட்டார். பால் கேட்டு ஒரு ஆண் வந்து நின்றால் வீட்டில் பெண் ஊரில் இல்லை என்று அர்த்தமாம்.

நூயியைப் பற்றி ஒன்று பாக்கி வைத்திருக்கிறேன். 2018-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தன் இயக்குநர் குழுவுக்கு முதல் முறையாக ஒரு பெண்ணைச் சுயேச்சை இயக்குநராகச் சேர்த்தது. அந்தப் பெண் இவர்தான். தாம்பரத்தில் மட்டை பிடித்து ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம் கழித்து உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் மேசையில் போய் உட்கார்ந்தார். அந்தச் சேதியைப் படித்தபோது, அவரோடு அன்றைக்கு ஆடிய மற்ற பத்துப் பேரில் எத்தனை பேர் அதைப் பேப்பரில் பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "இவளுக்கு நான்தான் பந்து போட்டேன்" என்று ஒரு பாட்டி பேரனிடம் சொல்லியிருக்கலாம். பேரன் நம்பியிருக்க மாட்டான்.

பின் வரிசை மாணவர்களே, உங்களைச் சாப்பாட்டுக்கு விடப்போகிறேன். அதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு, செயலாளர் கையில் கொடுத்த சீட்டில் இருக்கிறது. இன்று மாலை நாலு மணிக்கு மைதானத்தில் முன்னாள் மாணவியருக்கும் இன்றைய மாணவியருக்கும் த்ரோபால் போட்டி. முன்னாள் டீமில் இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாலு பேருக்குக் கைக்குழந்தை. ஆகவே எங்கள் வகுப்பு ஆண் நண்பர்கள் நாலு பேர் மைதானத்துக்கு வெளியே மரத்தடியில் தேவைப்படுகிறார்கள். பால் பாட்டில், டயப்பர் பை எல்லாம் அங்கேயே கொடுக்கப்படும். முதல் பெயரை நான் எழுதிவிட்டேன். மற்ற மூன்று பேர் சாப்பாட்டு வரிசையில் என்னிடம் சொல்லவும்.